தடைசெய்யப்பட்ட குலப்பெயர்: மெக்கிரெகர் என்னும் பெயரின் வரலாறு

சிங்கப்பூரில் வாழும் மாணவர்களுள் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தையும் மெக்பர்சன் சாலையையும் அறியாதார் இரார். இவ்விரு பெயர்களின் முதலில் நிற்கும் 'மெக்' என்னும் உறுப்பு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்குரியது. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் இங்குப் பணிபுரிந்த ஸ்காட்லாந்தியரின் பெயர்களோடு அவ்வுறுப்பும் நம் தெருக்களை வந்தடைந்தது. நாள்தோறும் நம் வாயில் வழங்கும் அவ்வுறுப்பு ஒரு சமுதாயத்தின் உறவுமுறையையும் நிலவுரிமையையும் துயரங்களையும் தன்னுள் அடக்கியது என்பதை எடுத்துக்காட்டுவதற்காக, 'மெக்' எனத் தொடங்கும் பெயர்களுள் ஒன்றை இவ்வுரையில் ஆராய்கின்றோம். மெக்கிரெகர் என்பது அப்பெயர்.

நூற்றுக்கணக்கான ஸ்காட்லாந்துக் குலப்பெயர்களிடையே இதனைத் தேர்ந்தமைக்குத் தனிக் காரணம் உண்டு. 1603ஆம் ஆண்டில் இப்பெயர் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதனைத் தம் பெயராகக் கொள்வோர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இடையில் 32 ஆண்டுகள் நீங்கலாக, 1774ஆம் ஆண்டுவரை அத்தடை ஏட்டளவிலேனும் நடப்பில் இருந்தது. மொழியின் ஓர் உறுப்பைச் சட்டத்தால் அழித்தல் இயலுமா என்னும் வினாவுக்கு வரலாறு தரும் தெளிவான விடைகளுள் இதுவும் ஒன்று.

1. சொல்லின் அமைப்பு

கேலிக் மொழியில் 'மக்' என்பதற்கு 'மகன்' என்பது பொருள். எனவே மெக்கிரெகர் என்பது 'கிரெகரின் மகன்' எனப் பொருள்படும். தந்தையின் இயற்பெயர் மட்டுமன்றி அவருடைய தொழிலோ பதவியோ இவ்வுறுப்பை அடுத்து வருதலும் உண்டு. மெக்பர்சன் என்பது திருச்சபைக் குருவின் மகன். மெக்கின்டயர் என்பது தச்சரின் மகன். மெக்நாப் என்பது மடாதிபதியின் மகன். பெண்களுக்குக் கேலிக்கில் 'மக்' வருவதில்லை. 'நிக்' என்னும் உறுப்பே வரும். 'இன்னார் மகனுடைய மகள்' எனப் பொருள்படும் தொடரின் சுருக்கம் அது. ஆங்கில ஆவணங்கள் இவ்வேறுபாட்டைக் கைவிட்டு இருபாலர்க்கும் 'மக்' என்றே எழுதின. ஒரு மொழியின் பெயர் மற்றொரு மொழியின் பதிவேட்டில் ஏறும்போது அதன் இலக்கணம் இழக்கப்படுவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தமிழறிந்தார் 'மக்' என்பதைக் கேட்டவுடன் 'மகன்' என்பதை நினைத்தல் இயல்பு. ஆயினும் இவ்வொப்புமை தற்செயலானது. அயர்லாந்திலும் மேற்குப் பிரித்தானியாவிலும் உள்ள ஓகம் கல்வெட்டுகளில் இச்சொல்லின் பழைய வேற்றுமை வடிவம் 'மக்குயி' என்பதை ஒத்துக் காணப்படுகிறது. இதழைக் குவித்து ஒலிக்கும் அக்ககரம் கேலிக்கில் வெறும் ககரமாயிற்று. அதன் உறவுமொழியாகிய வேல்சு மொழியில் பகரமாயிற்று. ஆதலின் கேலிக்கின் 'மக்' வேல்சு மொழியில் 'மப்' என வரும். தலையைக் குறிக்கும் கேலிக்கின் 'கெளன்' வேல்சில் 'பென்' என வருதலும் இம்முறையினதே. இவ்வாறு சொல்தோறும் ஒழுங்காக நிகழும் ஒலியிணைவே மொழியுறவுக்குச் சான்றாகும். தமிழின் 'மக' என்னும் அடியோடு இத்தகைய ஒழுங்கு எதுவும் புலப்படவில்லை. ஒரு சொல்லின் ஓசை ஒத்திருத்தல் கொண்டு உறவு கூறுதல் ஆராய்ச்சியாகாது.

பெயரிடும் முறையிலோ இரு மரபுகளுக்கும் ஒப்புமை காணலாம். சங்கப் புலவர் நக்கீரர் 'மதுரைக் கணக்காயனார் மகனார்' எனச் சுட்டப்படுகிறார். கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும் தொழிற்பெயர். தந்தையின் தொழிலால் மகனைச் சுட்டும் அம்முறை மெக்பர்சன், மெக்கின்டயர் என்பவற்றின் முறையேயாகும். சொற்கள் உறவுடையன அல்ல. மனிதர் மகனைத் தந்தையால் அடையாளங்காணும் வழக்கம் மட்டும் பொதுவாயிற்று.

'கிளான்' எனப்படும் குலத்தைக் குறிக்கும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. கேலிக்கில் அதற்குப் 'பிள்ளைகள்' என்பது பொருள். அது 'முளை, துளிர்' எனப் பொருள்படும் 'பிளாந்தா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஐரிய மொழியில் பகரம் இல்லாமையால் கடன்சொற்களின் பகரம் ககரமாக ஏற்கப்பட்டது. தாவரத்தின் துளிரைக் குறித்த சொல் மக்களின் வழியைக் குறிக்கலாயிற்று. 'கிளை' என்னும் ஒரு சொல்லால் மரத்தின் கொம்பரையும் சுற்றத்தாரையும் குறிக்கும் தமிழர்க்கு இப்பொருள்மாற்றத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2. கிரெகர் என்பவர் யார்?

கிரெகர் என்பது 'விழிப்புடையோன்' எனப் பொருள்படும் 'கிரெகோரியோசு' என்னும் கிரேக்கப் பெயரின் வழிவந்தது. இலத்தீனில் 'கிரெகோரியுசு' எனவும் கேலிக்கில் 'கிரிகர்' எனவும் அது வழங்கும். 604ஆம் ஆண்டில் மறைந்த போப்பரசர் முதலாம் கிரெகோரியின் புகழால் ஐரோப்பாவெங்கும் பரவிய கிறித்துவப் பெயர்களுள் இதுவும் ஒன்று. ஆகவே இக்குலப்பெயரின் முன்பாதி கெல்ட்டியம், பின்பாதி கிரேக்கம்.

குலத்தாரின் மரபுச் செய்தியோ வேறு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தை ஆண்ட ஆல்பின் மரபின் அரசகுமாரர் ஒருவரே தம் முன்னோர் என்பர். தம் குலம் அரசகுலம் எனப் பொருள்படும் கேலிக் வாசகத்தையே குலமுழக்கமாகக் கொண்டனர். இதற்கு உறுதியான ஆவணச் சான்று இல்லை. வரலாற்றில் நாம் கண்டுகொள்ளத்தக்க கிரெகர் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 'பொற்கடிவாளங்களின் கிரெகர்' எனச் சிறப்பிக்கப்பட்டவர். அவர் மகன் இயன் கேம், அதாவது ஒற்றைக்கண் இயன், 1390ஆம் ஆண்டில் இறந்தார். மேற்கு மலைநாட்டில் கிளெனோர்க்கி, கிளென்ஸ்ட்ரே ஆகிய பள்ளத்தாக்குகள் அவர்தம் வாழிடங்கள்.

தொடக்கத்தில் 'மக்' என்பது உண்மையான தந்தை பெயரையே குறித்தது, தலைமுறைதோறும் மாறியது. மலேசிய அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பவற்றின் பின் தந்தை பெயர் வருவதுபோல எனக் கொள்ளலாம். பின்னர் ஒரு முன்னோனின் வழியினர் பல தலைமுறைகளுக்குப் பின்னும் தம்மை அவன் பெயராலேயே சுட்டத் தொடங்கியபோது, தந்தை பெயர் குலப்பெயராக உறைந்தது. குலத்தலைவனின் காவலை நாடி வந்தோரும் நிலத்தில் உழைத்தோரும் அப்பெயரை ஏற்பதுண்டு. எனவே ஒரே குலப்பெயருடையோர் அனைவரும் ஒரே குருதியினர் என்று கொள்ளுதல் பிழையாகும்.

3. வாளும் பட்டயமும்

மெக்கிரெகர்களின் வீழ்ச்சிக்கு மூலகாரணம் நிலம். அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்து, வழிவழி உரிமையையே உரிமையெனக் கருதினர். அரசோ எழுதிய பட்டயத்தையே உரிமையெனக் கருதியது. பட்டயம் பெறுவதில் கைதேர்ந்தவர்கள் அண்டையிலிருந்த கேம்பல் குலத்தார். 'கோணல் வாய்' என்னும் பட்டப்பெயரே கேம்பல் என்னும் குலப்பெயராயிற்று. ஒற்றைக்கண் இயனின் 'கேம்' என்னும் அடைமொழியும் இதே சொல்தான். கிளெனோர்க்கி கேம்பல்களின் உடைமையாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் லாக் ஆ என்னும் ஏரியின் தலைப்பில் கில்கர்ன் கோட்டையைச் சர் காலின் கேம்பல் எழுப்பினார். மெக்கிரெகர்கள் தம் முன்னோர் நிலத்திலேயே பிறருக்குக் குடிகளாயினர்.

எனினும் எழுத்தறியாக் கூட்டத்தார் என அவர்களை எண்ணுதல் பொருந்தாது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஃபார்ட்டிங்கல் என்னும் ஊரில், ஜேம்சு மெக்கிரெகர் என்னும் குருவும் அவர் உடன்பிறந்தார் டங்கனும் பெருந்தொகை நூல் ஒன்றைத் தொகுத்தனர். ஜேம்சு, லிஸ்மோர் திருச்சபையின் முதன்மைக் குரு ஆதலின் அது 'லிஸ்மோர் முதன்மைக் குருவின் நூல்' என வழங்குகிறது. பழைய கேலிக் பாடல்களை நமக்குக் காத்துத் தந்த தலைசிறந்த ஏடுகளுள் அஃது ஒன்று. அவர்கள் கேலிக்கின் மரபெழுத்து முறையைப் பின்பற்றாது, சமவெளி ஸ்காட்சு மொழியின் எழுத்துமுறையால் கேலிக்கை எழுதினர். அதனால் அக்காலப் பேச்சொலியை அறிதற்கு அவ்வேடு மொழியியலாரின் கருவூலமாயிற்று.

1570ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கிளென்ஸ்ட்ரே தலைவர் கிரெகர் ராயைக் கிளெனோர்க்கியின் காலின் கேம்பல் தலைவெட்டிக் கொன்றார். கொல்லப்பட்டவரின் மனைவி மேரியனும் கேம்பல் குலத்தவரே. தம் கைக்குழந்தையைத் தாலாட்டிக்கொண்டே கணவனுக்காக அவர் பாடியதாக மரபு கூறும் ஒப்பாரி இன்றளவும் கேலிக் மக்களிடையே பாடப்பட்டு வருகிறது. அதன் பெயரே 'உள்ளங்கவர் கிரெகர்' எனப் பொருள்படும். பகைக்குலத்துப் பெண்ணின் வாயிலாகக் கிரெகர் என்னும் பெயர் பாட்டில் நிலைபெற்றமையை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

4. 1603: பெயரைக் குற்றமாக்கிய சட்டம்

நிலமிழந்தோர் கால்நடை கவர்தலாலும் பழிவாங்குதலாலும் வாழ்ந்தனர். 1589ஆம் ஆண்டில் அரச வேட்டைக்காட்டின் காவலர் ஜான் டிரம்மண்ட் கொலையுண்டமைக்கு மெக்கிரெகர்கள் பொறுப்பாக்கப்பட்டனர். 1603ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் கிளென் புரூயின் பள்ளத்தாக்கில், தலைவர் அலஸ்டர் மெக்கிரெகரின் படை கொஹூன் குலத்தாரைப் பேரழிவுக்குள்ளாக்கியது. மெக்கிரெகர்கள் குற்றமற்றவர்கள் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அதனைத் தொடர்ந்த தண்டனையின் தன்மையே நம் ஆராய்ச்சிக்குரியது.

அவ்வாண்டு மார்ச்சு 24இல் இங்கிலாந்தின் எலிசபெத்து அரசியார் மறைந்தார். ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்சு இங்கிலாந்துக்கும் அரசரானார். ஏப்ரல் 5இல் அவர் எடின்பரோவினின்று இலண்டனுக்குப் புறப்பட்டார். அதற்கு இரண்டு நாள் முன்னர், ஏப்ரல் 3இல், அரச மந்திராலோசனை மன்றம் மெக்கிரெகர் என்னும் பெயரை முற்றாக ஒழித்தது. அப்பெயருடையோர் அதனைத் துறந்து வேறு பெயர் ஏற்றல் வேண்டும், மறுப்போர்க்கு மரணம். தனியொருவர் செய்த குற்றத்துக்குத் தண்டனை என்னும் நிலை போய், ஒரு பெயரைத் தாங்குவதே குற்றம் என்னும் நிலை உண்டாயிற்று. அலஸ்டர், ஆர்கைல் பிரபுவாகிய ஆர்ச்சிபால்டு கேம்பலிடம் சரணடைந்தார். இங்கிலாந்துக்கு அனுப்பப்படுவார் என்பது அவருக்களிக்கப்பட்ட வாக்குறுதி. எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டு உடனே திருப்பிக் கொணரப்பட்ட அவர், 1604ஆம் ஆண்டு ஜனவரி 20இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார்.

பின்வந்த ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடுமையாயின. கிளென் புரூயினில் போரிட்டோர் உணவு வெட்டுவதற்குரிய முனையற்ற கத்தியன்றி வேறு படைக்கலம் ஏந்தலாகாது. முன்னர் அப்பெயருடையோராய் இருந்தோர் நால்வருக்கு மேற்பட்டுக் கூடலாகாது என்பது 1613ஆம் ஆண்டின் ஆணை. 1617இல் நாடாளுமன்றம் பெயரொழிப்பை உறுதிசெய்தது. 1633ஆம் ஆண்டின் சட்டம் மொழியியல் நோக்கில் மிகவும் கூர்மையானது. மலைநாட்டில் எக்குருவும் ஆண்குழந்தைக்குக் கிரெகர் எனத் திருமுழுக்குப் பெயர் இடலாகாது. எந்தப் பத்திர எழுத்தரும் அப்பெயரால் கையெழுத்திட்ட பத்திரத்தை எழுதலாகாது. மீறினால் பதவி பறிபோகும். பிறப்பிலும் உடைமையிலும் பெயர் பதிவாகும் இரு வாயில்களையும் அரசு அடைத்தது. ஒருவரின் பெயரால் பத்திரம் எழுத முடியாதெனில் கடன் கொடுத்தலும் நிலம் வாங்கலும் இயலா. பெயரை இழத்தல் என்பது சட்டத்தின் முன் ஆளாக நிற்கும் தகுதியை இழத்தலாயிற்று.

5. ஏட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்

மெக்கிரெகர்கள் அண்டைக் குலங்களின் பெயர்களைப் புனைந்தனர். கேம்பல், டிரம்மண்ட், மர்ரி, கிரகாம், ஸ்டூவர்ட், கிராண்ட் எனப் பலவாறாகப் பிரிந்தனர். தம்மை ஒடுக்கிய கேம்பல்களின் பெயரையே பலர் ஏற்க நேர்ந்தது. சிலர் 'மக்' என்னும் உறுப்பை நீக்கிக் கிரெகோரி என அமைத்துக்கொண்டனர். தம்மை மெக்கிரெகர் வழியினராகக் கொண்ட அபர்டீன் பகுதிக் கிரெகோரி குடும்பத்தில் தோன்றியவரே கணித அறிஞர் ஜேம்சு கிரெகோரி. 1638இல் பிறந்த அவர் கண்ட கணிதத் தொடர் ஒன்று, கேரள நாட்டு மாதவர் அதனை முன்னரே கண்டமை பற்றி, இன்று மாதவ–கிரெகோரி தொடர் எனப்படுகிறது.

1644, 1645ஆம் ஆண்டுகளில் அரசர் முதலாம் சார்லசின் தரப்பில் மான்ட்ரோசின் படையில் மெக்கிரெகர்கள் போரிட்டனர். அதற்குக் கைம்மாறாக 1661இல் இரண்டாம் சார்லசு தடையை நீக்கினார். 1693இல் வில்லியம் அரசரின் ஆட்சியில் தடை மீண்டும் வந்தது. புகழ்பெற்ற ராப் ராய் இவ்விரு காலங்களுக்கும் சான்றாவார். 1671இல் பிறந்தபோது அவருக்குத் தம் குலப்பெயர் சட்டப்படி உரியதாயிருந்தது. 22ஆம் வயதில் அதனை இழந்தார். தாய் மார்கரெட் கேம்பலின் குலப்பெயரை ஏற்று ஆவணங்களில் இராபர்ட் கேம்பல் ஆனார். மக்களிடையிலோ அவர் ராப் ராய்தான். ராய் என்பது 'செம்முடியோன்' எனப் பொருள்படும் கேலிக் அடைமொழி. 1734இல் இறந்த அவர் பல்விடர் என்னும் சிற்றூரின் திருச்சபை வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1817இன் இறுதியில் வால்டர் ஸ்காட் தம் புதினத்துக்கு ராப் ராய் என்னும் பெயரையே இட்டார். கேம்பல் என்னும் சட்டப்பெயரை இன்று நினைவுகூர்வோர் சிலரே.

சட்டம் தோற்றதன் காரணம் இங்குத்தான் உள்ளது. அரசின் பதிவேடுகள் ஸ்காட்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் அமைந்தன. மலைநாட்டாரின் பேச்சு கேலிக்கில் நிகழ்ந்தது. ஒருவர் தம் தந்தையையும் பாட்டனையும் பூட்டனையும் சொல்லி, 'இன்னார் மகனின் மகனின் மகன்' எனத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வழக்கம் அப்பேச்சில் உயிரோடிருந்தது. பத்திர எழுத்தரின் பேனாவைத் தடுத்த சட்டம், அடுப்பங்கரையில் பாட்டி சொல்லும் வழிமுறையைத் தடுக்க இயலவில்லை. மேலும், சட்டமே தன் நோக்கத்துக்கு முரணாயிற்று. தடைக்குட்பட்டோர் யாவர் எனக் குறித்தற்கு 'முன்னர் மெக்கிரெகர் எனப்பட்ட' என்று அரசின் ஏடுகள் எழுத நேர்ந்தது. ஒழிக்க முற்பட்ட பெயரை ஒழிப்பாணைகளே காத்து வைத்தன.

6. மீட்பும் மீளாமையும்

1774ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் தடைச் சட்டத்தை நீக்கியது. குலத்தார் தமக்கொரு தலைவரைத் தெரிந்தெடுத்தல் வேண்டியதாயிற்று. 826 பேர் கையெழுத்திட்ட உறுதிமொழியால் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜான் மர்ரி என்பார் தலைவராக ஏற்கப்பட்டார். மெக்கிரெகர்களின் தலைவர் மர்ரி என்னும் புனைபெயருடன் முன்வந்தமையே அவர்கள் பட்ட பாட்டைக் காட்டும். 1822இல் நான்காம் ஜார்ஜ் அரசர் எடின்பரோவுக்கு வந்தபோது, அவர் மகன் சர் இவன் மெக்கிரெகர் தலைமையில் குலத்தார் ஸ்காட்லாந்தின் மணிமுடிக்குக் காவலராகச் சென்றனர். ஆணைகளால் ஒழிக்கப்பட்ட பெயர் அரச விழாவில் வெளிப்படையாக ஒலித்தது.

எனினும் சட்டம் முழுமையாகத் தோற்றது எனல் பொருந்தாது. புனைபெயர் பூண்டோர் அனைவரும் திரும்பவில்லை. மூன்று நான்கு தலைமுறைகளாகக் கிராண்ட் எனவும் டிரம்மண்ட் எனவும் வாழ்ந்தோர் அப்பெயர்களிலேயே நிலைத்தனர். பேச்சில் வழிமுறை கூறும் மரபு எங்கெங்கு அற்றதோ, அங்கெல்லாம் பழைய பெயரும் மீளாது மறைந்தது. கேலிக் பேசிய பள்ளத்தாக்குகளில் மீண்டது. வேற்றுமொழிக்கு மாறிய குடும்பங்களில் பெரிதும் மீளவில்லை. தடையைக் காட்டிலும் மொழியிழப்பே பெயருக்குப் பெரும்பகையாயிற்று என்பதே நாம் வந்தடையும் முடிபு.

ஆசிரியர்களும் மாணவர்களும் பெயராய்வில் ஈடுபடும்போது மூன்று வினாக்களை வேறு வேறாக வைத்துக்கொள்ளுதல் நலம். சொல் எங்கிருந்து வந்தது? அச்சொல்லைப் பெயராகக் கொண்ட குடும்பம் எங்கிருந்து வந்தது? அக்குடும்பம் தன்னைப்பற்றிக் கூறும் கதை எப்போது தோன்றியது? மெக்கிரெகர் என்பதில் முதல் வினாவுக்கு விடை கிரேக்கத்தையும் கெல்ட்டியத்தையும் சாரும். இரண்டாவதற்குப் பதினான்காம் நூற்றாண்டுப் பள்ளத்தாக்குகளைச் சாரும். மூன்றாவது அரசகுல மரபைச் சாரும். இவற்றை ஒன்றாக்கினால் பெருமிதம் கிட்டலாம், வரலாறு கிட்டாது.

இந்நாட்டு மாணவர் ஒவ்வொருவர் பெயரிலும் தந்தையின் பெயர் நிற்கிறது. உரோம எழுத்தில் பதிவானபோது அதன் ழகரமும் ளகரமும் எவ்வாறு மாறின, பாட்டனார் பெயர் எந்தப் பதிவேட்டில் எவ்வாறு எழுதப்பட்டது, வீட்டில் அது எவ்வாறு ஒலிக்கிறது என்பனவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல், வகுப்பறையில் இன்றே தொடங்கத்தக்க பெயராய்வாகும். பதிவேடுகளில் இல்லாத வடிவங்களை அறிந்த அம்முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைச் செய்துகொள்ளுமாறு வேண்டி இவ்வுரையை நிறைவு செய்கின்றோம்.